தண்ணீரைத் தொடாத கப்பல்

இரண்டாயிரத்து ஒன்றில் நான் திண்டுக்கல் நாகல் நகரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தேழு. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம். அச்சகத்தை நடத்தியவர் ஒரு பெண். தன் அப்பாவுக்குப் பிறகு தனியாளாக எடுத்து நடத்தினார். வேலை செய்கிறவர்கள், காகிதம் கொண்டுவருகிறவர்கள், வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அவர் அக்காதான். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், மாதா கோயில் ஜெபப் புத்தகம் என்று சில்லறை வேலைகள் எப்போதும் இருக்கும். பெரிய வேலை என்று ஆண்டுக்கு ஒன்றுதான் வரும்: அரசு வேலைக்குத் தேர்வு எழுதுகிறவர்களுக்கான பொது அறிவுக் கையேடு.

அதை எழுதியவர் ஊரில் பேர் பெற்ற பயிற்சி மையம் ஒன்றை நடத்திவந்தார். நாங்கள் அவரை சார் என்றே சொல்வோம். வடமதுரை, நத்தம், ஒட்டன்சத்திரம் என்று நாலா திசையிலிருந்தும் பிள்ளைகள் முதல் பஸ் பிடித்து அவருடைய ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருவார்கள். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் எழுதியதில் கை வைத்தால் பொறுக்க மாட்டார். ஒரு முறை ஓர் ஆண்டுக் கணக்கு ஒட்டவில்லை என்று குறித்துவிட்டேன். மறுநாள் அக்காவிடம் வந்து, "அந்தப் பிள்ளைய ஒற்றெழுத்து மட்டும் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம் ஒரு கப்பல் செய்தித்தாள்களில் அடிபட்டுக்கொண்டிருந்தது. சோவியத் நாடு உடைந்தபோது கட்டி முடிக்காமல் நின்றுபோன விமானம் தாங்கிக் கப்பல் அது. யாரோ விலைக்கு வாங்கி, எஞ்சின் ஓடாத வெறும் உடலாக, இழுவைப் படகுகளைக் கட்டிக் கடல் வழியாக இழுத்துக்கொண்டு வந்தார்கள். துருக்கி நாட்டின் குறுகலான நீர்வழியைக் கடக்க அனுமதி கிடைக்காமல் அது கருங்கடலிலேயே மாதக்கணக்கில் நின்றது. தேர்வில் கட்டாயம் கேட்பார்கள் என்று சார் அதைப் பற்றி அரைப் பக்கமும், பின்னால் வினா விடைப் பகுதியில் சில கேள்விகளும் எழுதியிருந்தார்.

மெய்ப்பில் அந்த அரைப் பக்கத்தைப் படித்தபோது ஒற்றெழுத்தில் குறை இல்லை. 'இது அணுசக்தியால் இயங்கும் கப்பல்' என்று இருந்தது. நான் மேலே போனேன். வினா விடைப் பகுதிக்கு வந்தபோது, 'இக்கப்பலில் உள்ள பாய்லர்களின் எண்ணிக்கை எட்டு' என்று இருந்தது.

பென்சிலைக் கீழே வைத்தேன். பாய்லர் என்றால் எண்ணெயை எரித்து நீராவி எடுப்பது. அணு உலை இருக்கும் கப்பலுக்கு எதற்கு எட்டு பாய்லர்? இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். அல்லது எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

அக்காவிடம் காட்டினேன். "ஏ புள்ள, நமக்கெதுக்கு? அவரு எழுதுறாரு, நம்ம அடிக்கிறோம்" என்றார்.

"அக்கா, ஒரே புத்தகத்துல ரெண்டு விதமா இருக்கு. இதப் படிச்சிட்டுப் போயி ஒரு பிள்ளை தப்பா எழுதிட்டா?"

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார். படிப்பு எட்டாம் வகுப்புதான். ஆனால் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்றால் கண்டுபிடித்துவிடுவார். "சரி, அவரு வாராரு. நீயே கேளு" என்றார்.

அன்று மாலை சார் வந்ததும் கேட்டேன். உட்காராமலேயே பதில் சொன்னார்.

"எட்டு பாய்லர்னு ஒரு இங்கிலீஷ் பத்திரிகைல இருக்கு. அணுசக்தின்னு இன்டர்நெட்ல இருக்கு. ரெண்டையும் நான் கண்ணால பாத்தேன். நீ எதப் பாத்த?"

"ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாதுன்னு தோணுது சார்" என்று மட்டும் சொன்னேன்.

"தோணுறதயெல்லாம் புத்தகத்துல போட முடியாதும்மா. மூணு சாட்சி கொண்டா. நானே எல்லார் முன்னாடியும் அடிச்சுத் திருத்துறேன். பத்து நாள் தாரேன். அதுக்கப்புறம் அச்சுக்குப் பிளேட் போட்டுருங்க அக்கா."

கிண்டலாகத்தான் சொன்னார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

முதலில் போனது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். கப்பலைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து பக்கங்கள் கிடைத்தன. மூன்று பக்கங்கள் அணுசக்தி என்றன. இரண்டு பக்கங்கள் பாய்லர் என்றன. மூன்றுக்கு இரண்டு என்று சார் ஜெயித்துவிட்டாரே என்று சோர்ந்து உட்கார்ந்திருந்தேன். மெய்ப்புப் பார்க்கிறவளின் கண் தானாக எழுத்துப் பிழையைத் தேடும். அந்த மூன்று பக்கங்களிலும் 'ரியாக்டர்' என்ற சொல்லில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து விட்டுப்போயிருந்தது. மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருந்தால் மூன்று பேரும் அதே எழுத்தைத் தொலைத்திருப்பார்களா? ஒருவர் எழுதியதை மற்ற இருவர் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆக, அது மூன்று சாட்சி அல்ல. ஒரே சாட்சி மூன்று சட்டை மாற்றி வந்திருக்கிறது.

எழுந்து வெளியே வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சோர்வு போன இடம் தெரியவில்லை.

இரண்டாவது வழியைக் காட்டியது அக்காதான். அச்சகத்துக்குக் கணக்கு நோட்டு அடிக்கக் கொடுக்கும் ஒரு நூல் மில் வடமதுரை போகும் சாலையில் இருந்தது. "அங்க பாய்லர் பாக்குற ஆளு நேவில இருந்தவரு. ரஷ்யாவுக்கெல்லாம் போயிருக்காராம். நோட்டு எடுத்துட்டுப் போறப்ப வேணா கேட்டுப் பாரு" என்றார். கணக்கு நோட்டுக் கட்டோடு திருச்சி பஸ் ஏறிப் போய் மில் வாசலில் இறங்கினேன்.

ஐம்பதை நெருங்கும் மனிதர். பாய்லர் அறைக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார். உள்ளே இரைச்சலில் பேச முடியாது. நான் கேட்க வந்ததைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"அந்தக் கப்பலக் கட்டுன ஊர்ல ஒன்றரை வருசம் இருந்தேன் தங்கச்சி. நம்ம நேவிக்கு அங்க ஒரு கப்பல் கட்டுனாங்க. அத வாங்கிட்டு வர்றதுக்கு முன்னாடியே எங்களக் கொஞ்சப் பேர அனுப்பி வச்சாங்க. எண்பத்தஞ்சு எண்பத்தாறு அப்ப."

"அப்ப இந்தக் கப்பலப் பாத்திருக்கீங்களாண்ணே?"

"ஒண்ணில்ல, ரெண்டு. மூத்தவ தண்ணில இறங்கி மெதந்துக்கிட்டுக் கெடந்தா. உள்வேலை நடந்துச்சு. ரெண்டாவது அப்பத்தான் கட்டுற மேடையில அடிப்பலகை போட்டு ஏத்திக்கிட்டிருந்தாங்க. ரெண்டும் ஒரே அச்சு. அம்புட்டு உசரம். நம்ம மலைக்கோட்டைய எடுத்து ஆத்துல வச்ச மாதிரி இருக்கும்."

"அணுசக்தியாண்ணே?"

"மூத்தவளுக்கு வீட்டகலத்துக்குப் புகைபோக்கி இருந்துச்சு. அணு உலைக்குப் புகை ஏது?" என்று சொல்லிவிட்டு, "முன்பக்கம் மூக்கு மாதிரி மேல தூக்கியிருக்கும். விமானம் ஓடிப்போயி அதுல ஏறித் தாவும். அதான் அடையாளம்" என்றார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டில் எழுதினேன். 'புகைபோக்கி. தூக்கிய மூக்கு.' இரண்டு அடையாளம். கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டேன். "அப்ப அணுசக்தின்னு ஏண்ணே எழுதுறாங்க?"

"அதே மேடையில மூணாவதா ஒருத்திய அணு உலையோட கட்டப்போறதா அங்க பேச்சு இருந்துச்சு. ஆனா அதுக்குள்ள நான் வந்துட்டேன். கட்டுனாங்களா, என்ன ஆச்சு, எனக்குத் தெரியாது. பாக்காதத நான் சொல்ல மாட்டேன். நீயும் நான் சொன்னேன்னு எழுதாத."

அந்த மனிதரை எனக்கு அந்த நிமிடத்திலிருந்து மிகவும் பிடித்துப்போனது. திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே யோசித்தேன். ஒரு கப்பல் இல்லை, மூன்று. ஒரே ஊரில் பிறந்த அக்கா தங்கைகள். மூத்தவள் கட்டி முடிந்தவள். நடுவுள்ளவளையும் கடைக்குட்டியையும் யாரோ ஒரே ஆளாக்கிவிட்டார்கள். அவற்றின் ரஷ்யப் பெயர்கள் எங்கள் டி.டி.பி. கணினியில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வந்து விழுந்தன. அதனால் நானும் அக்காவும் அன்றிலிருந்து நடுவுள்ளவ, கடைக்குட்டி என்றே பேச ஆரம்பித்தோம்.

மூன்றாவது, மதுரை. அங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் உலகப் போர்க்கப்பல்களை எல்லாம் பட்டியல் போட்டு ஆண்டுதோறும் வரும் தடித்த நூல் இருப்பதாகக் கூடப் படித்த தோழி சொன்னாள். அக்கா அச்சகத்தின் கடிதத் தாளில் 'இதைக் கொண்டு வருபவர் எங்கள் நிறுவனத்தின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்தவர்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அதைப் பஸ்ஸில் இரண்டு முறை எடுத்துப் படித்தேன். ஆசிரியர் குழு என்பது நான் ஒருத்திதான்.

நூலகர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கப்பலா?" என்று கேட்டார். பிறகு நாற்காலி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து தூசியோடு இரண்டு தொகுதிகளை எடுத்துக் கொடுத்தார். ஒன்று சோவியத் நாடு இருந்தபோது வந்தது. மற்றது உடைந்த பிறகு வந்தது.

பழைய தொகுதியில் கடைக்குட்டி இருந்தாள். அணு உலை, கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று போட்டு, பக்கத்தில் ஒரு கோட்டோவியம். அவளுக்கும் முன்பக்கம் மூக்கு தூக்கியிருந்தது. விமானத்தை உந்தி எறியும் பொறி தனியாக இருந்தும், அந்த வளைந்த மேடும் இருந்தது. அதான் அடையாளம் என்று மில்லில் சொன்னது அடையாளமே இல்லை. நோட்டைத் திறந்து 'தூக்கிய மூக்கு' என்ற வரியை நானே அடித்தேன். கையில் இருந்த இரண்டு அடையாளத்தில் ஒன்று போனது. கேண்டீனுக்குப் போய் ஒரு வடையைத் தின்றுவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன்.

நடுவுள்ளவளின் பக்கத்தில் எட்டு பாய்லர், நீராவி டர்பைன், தண்ணீரில் இறக்கப்பட்டது, உள்வேலை நடக்கிறது என்று எல்லாம் இருந்தது. எழுதிக்கொண்டேன். பிறகு புதிய தொகுதியை எடுத்தேன். கடைக்குட்டிக்குத் தனிப் பக்கம் இல்லை. பின்னால் ஒரு சிறு குறிப்பு, எறும்பு சைஸ் எழுத்தில். அதன் பொருள் இதுதான்: கட்டுமான மேடையில் இருக்கும்போதே அவளை வெட்டிப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

மூன்று முறை படித்தேன். மேடையிலேயே வெட்டிவிட்டார்கள் என்றால் அவள் தண்ணீரையே தொடவில்லை. தண்ணீரையே தொடாதவளை எப்படிக் கடலில் கட்டி இழுப்பார்கள்? கருங்கடலில் நிற்பது நடுவுள்ளவள்தான். வேறு யாராகவும் இருக்க முடியாது. மூக்கும் வேண்டாம், புகைபோக்கியும் வேண்டாம்.

எழுந்து நின்றுவிட்டேன் போல. நூலகர் நிமிர்ந்து, "கெடச்சிருச்சா?" என்றார்.

"கெடச்சிருச்சு சார். ஜெராக்ஸ் எடுக்கணும்."

"மிசின் ரிப்பேரு. கையில எழுதிக்கங்க."

கையில் எழுதியதைச் சார் ஏற்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் மதுரைக்குப் போனேன். மிசின் வேலை செய்தது. கடைக்குட்டியின் பக்கம், நடுவுள்ளவளின் பக்கம், அந்தச் சிறு குறிப்பு என்று மூன்று தாள்களையும் மடிப்பு விழாமல் ஜெபப் புத்தக அட்டைகளுக்கு நடுவே வைத்து எடுத்துவந்தேன்.

சாரிடம் அக்காவே போய்ச் சொன்னார். அவர் அச்சகத்துக்கு வரவில்லை. "ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு வரச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும்னு நாந்தானே சொன்னேன்" என்று சொல்லி அனுப்பினார். அம்மா சேலையில் போ என்றார். சுடிதாரில் போனேன்.

ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வகுப்பு. தரையில் பாய் விரித்து நூற்றைம்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். சார் ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, "சொல்லும்மா" என்றார்.

கரும்பலகையில் மூன்று கோடுகள் போட்டேன். மூத்தவள், நடுவுள்ளவள், கடைக்குட்டி. ஒவ்வொன்றுக்கும் கீழே எனக்குத் தெரிந்ததை எழுதினேன். முதல் இரண்டு நிமிடம் கூட்டத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தே பேசினேன். மூன்று இணையப் பக்கங்களிலும் ஒரே எழுத்துப் பிழை இருந்ததைச் சொன்னபோது கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அதன் பிறகு எனக்குப் பயம் விட்டுப்போனது.

புகைபோக்கியைப் பற்றிச் சொன்னதும் நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பழனிப் பக்கத்துப் பேச்சு. "ஏனுங்க, அணுசக்திக் கப்பல்லயும் அவசரத்துக்கு டீசல் எஞ்சின் வச்சிருப்பாங்கதானுங்க? அதுக்குப் புகைபோக்கி வேணுமில்லீங்களா?"

நல்ல கேள்வி. மண்டபம் என்னைப் பார்த்தது. சாரும் பார்த்தார்.

"வேணும். அதனால புகைபோக்கிய நான் சாட்சியா வைக்கல" என்றேன். "முன்பக்கத்து மூக்கையும் வைக்கல. அத நான் முதல்ல நம்பினேன், அது தப்புன்னு மதுரையில தெரிஞ்சுது. நான் வைக்கிற சாட்சி இதுதான்." ஜெராக்ஸ் தாளை அவளிடமே கொடுத்து அந்தச் சிறு குறிப்பைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் படித்து, கொஞ்சம் நிறுத்தி, தானாகவே தமிழில் சொன்னாள்: "மேடையிலயே வெட்டிட்டாங்க."

"அப்ப கடல்ல நிக்கிறது எது?" என்று கேட்டேன்.

பின்வரிசையிலிருந்து முன்வரிசை வரை ஒரே நேரத்தில் பதில் வந்தது. "நடுவுள்ளது!"

சார் எழுந்து வந்தார். தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தார். "எத்தனை சதவீதம் முடிஞ்சிருந்துச்சு?" என்று கேட்டார்.

"தெரியல சார். ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க. பெரும்பகுதி முடிஞ்சதுன்னு மட்டும் போடலாம். எண்ணு போட என்கிட்ட சாட்சி இல்ல."

அந்தப் பதில்தான் அவரை அசைத்தது என்று பிற்பாடு அக்காவிடம் சொல்லியிருக்கிறார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மெய்ப்புத் தாளில் தன் வரியைத் தானே குறுக்கே அடித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"எழுதிக்கங்க. போன மாசம் நான் நோட்ஸ்ல அணுசக்தின்னு குடுத்தது தப்பு. தப்பு என்னுது. அத அடிச்சிட்டு இவங்க சொன்னதப் போடுங்க."

நூற்றைம்பது நோட்டுகள் ஒரே நேரத்தில் புரண்டன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். தேர்வில் மதிப்பெண் வாங்கியபோதும், பட்டம் வாங்கியபோதும் எனக்கு அப்படி இருந்ததில்லை. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். எல்லாரும் தட்டினார்கள். சாரும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

மறுநாள் அவர் அச்சகத்துக்கு வந்து கையேடு முழுவதையும் என் மேசையில் வைத்தார். "ஒற்றெழுத்து மட்டுமில்ல, எல்லாத்தையும் பாரு. சந்தேகம் வந்தா கேளு. செத்த நேரம் கோவப்படுவேன், கண்டுக்காத." பிளேட் போடுவது மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரத்தில் ஒரு நதியின் நீளம், ஒரு நோய்க்கிருமியின் வகை, ஒரு கோளின் துணைக்கோள் என்று பலவற்றைப் பிடித்தேன். நான்கில் நான் தவறு, அவர் சரி. அவற்றையும் அவர் கொண்டாடத் தவறவில்லை.

மில்லுக்குப் போய் அந்த அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். தூக்கிய மூக்கு செல்லாமல் போனதையும் மறைக்கவில்லை. அவர் கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, நான் பாத்தது ரெண்டு பேரத்தானே? மூணாவது எப்படி இருப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு, "வெட்டிட்டாங்களா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது மட்டும் அவருக்கு வருத்தமாக இருந்தது.

புத்தகம் வெளிவந்தது. அந்த வருடக் கடைசியில் கப்பலும் நீர்வழியைக் கடந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

எனக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. அணுசக்தி என்று எழுதியிருந்த அந்த மூன்று இணையப் பக்கங்களில் ஒன்றின் அடியில், பிழை கண்டால் எழுதுங்கள் என்று ஒரு முகவரி இருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எட்டு வரி எழுதினேன். எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று தெளிவாகக் குறிப்பிட்டேன். பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, பஸ் நிலையப் பக்கம் போனபோது சும்மா பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அது மெல்ல மேலிருந்து கீழே இறங்கி வந்தது. அணுசக்தி என்ற சொல் இல்லை. நீராவி டர்பைன், எட்டு பாய்லர் என்று இருந்தது.

ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். அவர் அதுவரை அந்த மாதிரி இடத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து, திரைக்கு முன்னால் குனிந்தார்.

"எந்த வரி?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"இது எந்த நாட்டுக்காரன் எழுதுனது?"

"தெரியலக்கா. வெளிநாடு."

அக்கா அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கல்லாவில் இருந்தவரிடம் திரும்பி, "தம்பி, இங்க வந்து பாருங்க. இது எங்க ஆபீஸ் புள்ள திருத்துனது" என்றார்.